லக்சரில் ஆறு நிமிடம் இருபது வினாடி: 2027 முழுச் சூரிய கிரகணத்துக்குப் போகிறவர்களுக்கு

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. எகிப்தின் லக்சர் நகரத்தில் பகல் ஒரு மணி தாண்டிய சில நிமிடங்களில் சூரியன் முழுவதுமாக மறையும். மறைந்தே இருக்கும் நேரம் ஏறக்குறைய 6 நிமிடம் 20 வினாடி. இந்தக் கிரகணத்தின் உச்ச அளவு 6 நிமிடம் 23 வினாடி. அது கிடைப்பது லக்சருக்குத் தென்கிழக்கே, ஆளில்லாத பாலைவனத்தில். மூன்று வினாடிக்காக அங்கே போக வேண்டியதில்லை. பெரும்பாலான முழு கிரகணங்கள் இரண்டு, மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். இதைவிட நீண்ட முழுமை இனி 2114இல்தான் வரும்.

நீளத்துக்குக் காரணங்கள் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பூமி சூரியனிடமிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் சூரியத் தட்டு சிறிதாகத் தெரியும். அந்த நாளில் நிலவு பூமிக்கு அருகில் இருப்பதால் அதன் தட்டு பெரிது. சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்பதால், பூமியின் சுழற்சி நம்மை நிழல் ஓடும் திசையிலேயே கொண்டுபோகிறது. நிழல் நம்மைத் தாண்டிப்போக அதிக நேரம் எடுக்கிறது.

தமிழ்நாட்டில் அன்று மாலை சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு "கிரகணம் பார்த்தாயிற்று" என்று இருந்துவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

99 சதவீதம் ஏன் போதாது

2019 டிசம்பர் 26 காலை கோவையிலும் திண்டுக்கல்லிலும் வளைய கிரகணம் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: சூரியனின் பெரும்பகுதி மறைந்தும் இருட்டவில்லை. வெயில் மங்கியது, அவ்வளவுதான். சூரியன் முழுநிலவைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. 99 சதவீதம் மறைந்தாலும் மிச்சமிருக்கும் 1 சதவீதம் 4,000 முழுநிலவுகளுக்குச் சமம். சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்னும் வெண்ணிற ஒளிப்படலமோ மொத்தமாகவே ஒரு முழுநிலவு அளவு ஒளிதான் தரும். அந்த ஒரு சதவீதம் அணையும்வரை கொரோனா தெரியாது, விண்மீன் தெரியாது, அடிவானம் சிவக்காது. அதனால் "எங்கள் ஹோட்டலில் 98 சதவீதம் தெரியும்" என்று யாராவது சொன்னால், முழு கிரகணம் அங்கே இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எகிப்தில் இந்தத் தவறு எளிதாக நடக்கும். கெய்ரோவில் முழுமை கிடையாது. செங்கடல் கரையில் சுற்றுலாப் பயணிகள் குவியும் ஹுர்காடா, நிலவின் நிழல் ஓடும் பாதைக்கு வடக்கே வெளியில் இருக்கிறது. ஆஸ்வான் தெற்கு விளிம்பைச் சற்றே தாண்டிப் போய்விடுகிறது. லக்சர்–ஆஸ்வான் நைல் கப்பல் பயணத்தில் இடம் பிடிப்பவர்கள், ஆகஸ்ட் 2 காலை கப்பல் எந்தக் கரையில் கட்டப்பட்டிருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். "கிரகணச் சிறப்புப் பயணம்" என்ற தலைப்பு மட்டும் போதாது.

பாதைக்குள் எங்கே நிற்பது

நிழல்பாதையின் அகலம் சுமார் 258 கிலோமீட்டர். நடுக்கோட்டில்தான் நிற்க வேண்டும் என்று பலர் அடம்பிடிப்பார்கள், அது தேவையில்லை. வட்டமான நிழல் கடந்துபோகும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாதி தூரம், அதாவது 65 கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் நேரம் 13 சதவீதம்தான் குறையும்: ஆறேகால் நிமிடம் ஐந்தரை நிமிடமாகும். விளிம்பை நெருங்க நெருங்கத்தான் சரிவு கடுமையாகும். பத்தில் ஒன்பது பங்கு தூரம் விலகிவிட்டால் பாதி நேரம்கூட மிஞ்சாது. அதனால் நடுக்கோட்டிலிருந்து 60, 70 கிலோமீட்டருக்குள் எங்கே தங்கும் வசதியும் தெளிந்த வானமும் உண்டோ அங்கே நில்லுங்கள்.

எகிப்தில் சொஹாக், கெனா, லக்சர் மூன்றும் நடுக்கோட்டை ஒட்டியவை. லக்சரில்தான் விமான நிலையம், எல்லா விலையிலும் அறைகள், மருத்துவமனை எல்லாம் சேர்ந்து இருக்கின்றன. கடற்கரை வேண்டும் என்பவர்களுக்கு மார்சா ஆலம் பாதைக்குள் வருகிறது. அங்கே ஒரு நிமிடம்போலக் குறையும்.

மற்ற நாடுகளையும் சொல்லிவிடுகிறோம். ஜித்தாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. ஊரிலேயே 6 நிமிடத்தை ஒட்டி முழுமை கிடைக்கும். மக்காவில் 5 நிமிடத்துக்கு மேல். கடலோர ஈரப்பதத்தால் ஜித்தா வானம் லக்சர் அளவுக்குத் தெளிவாக இருக்காது, ஆனாலும் நல்ல வாய்ப்பு. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குத் தெற்கு ஸ்பெயின் பக்கம். ஆனால் அங்கே ஊர் தேர்வில் கவனம் தேவை: தரீஃபாவில் நாலரை நிமிடத்துக்கு மேல் கிடைப்பது மாலகாவில் இரண்டு நிமிடத்துக்கும் குறைந்துவிடுகிறது. ஜிப்ரால்டர் நீரிணையில் கீழைக்காற்று அடித்தால் காலையில் தாழ்மேகம் வரும். அங்கே போகிறவர்கள் கார் வைத்துக்கொண்டு, முந்தின இரவு முன்னறிவிப்பைப் பார்த்து இடம் மாறத் தயாராக இருக்க வேண்டும்.

மேகக் கணக்கை முதலில் பார்ப்பது ஏன் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2009 ஜூலை 22 முழு கிரகணம் இதே சாரோஸ் தொடரைச் சேர்ந்தது. சாரோஸ் என்பது ஏறக்குறைய 18 ஆண்டுக்கு ஒரு முறை ஒரே மாதிரி திரும்பிவரும் கிரகணங்களின் வரிசை. இதன் எண் 136, இரண்டுக்கும் இடைவெளி 18 ஆண்டு 11 நாள். அன்று பீகாரின் தாரேக்னாவில் கூடிய பெருங்கூட்டம் பருவமழை மேகத்தைத்தான் பார்த்தது. வாரணாசியில் நின்றவர்களுக்குக் கிரகணம் தெரிந்தது. லக்சரில் ஆகஸ்ட் மாதம் மேகம் என்பதே அபூர்வம். தடை வந்தால் அது புழுதிதான், அதுவும் சூரியன் உச்சியில் இருக்கும்போது அவ்வளவாக உறுத்தாது.

முன்பதிவு

ஜூலை 31க்குள் லக்சரில் இருங்கள், ஆகஸ்ட் 4க்கு முன் கிளம்பாதீர்கள். கிரகணத்தன்று காலையில் வந்து மாலையே திரும்பும் திட்டம், ஒரே ஒரு விமானத் தாமதத்தில் முழுப் பயணத்தையும் இழக்க வைக்கும். சென்னையிலிருந்து போகிறவர்கள் பொதுவாக வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறிக் கெய்ரோ போவார்கள். கெய்ரோவிலிருந்து லக்சருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். ரயிலில் சுமார் 650 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழு இரவு. இரண்டு விமானங்களையும் தனித்தனியாகப் பதிவு செய்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டில் லக்சர்வரை பதிவு செய்யுங்கள், அல்லது இடையில் கெய்ரோவில் ஓர் இரவு தங்குங்கள்.

அறை விஷயத்தில் உலகமெங்கும் கிரகணப் பயணிகள் படும் பாடு ஒன்று உண்டு. ஒரு வருடத்துக்கு முன் சாதாரண விலைக்குப் பதிவு செய்த அறையை, கிரகணத் தேதி என்று தெரிந்ததும் ஹோட்டல்காரர் ரத்து செய்து பல மடங்குக்கு விற்பார். பதிவு செய்ததும் ஹோட்டலுக்கே நேரடியாக எழுதி, தேதியையும் விலையையும் அவர்களே உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை வாங்கி வையுங்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய இரண்டாவது அறை ஒன்றையும் கடைசி மாதம்வரை கையில் வைத்திருப்பது நல்லது. தேவையில்லை என்றானதும் உரிய நேரத்தில் விட்டுவிடுங்கள், இன்னொருவருக்குப் பயன்படும்.

பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா விதிகளைத் தூதரகத்தின் பக்கத்திலேயே பாருங்கள், ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் எகிப்துக்குள் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகும். பெரிய பைனாகுலர், டெலஸ்கோப் பற்றியும் சுங்கத்தில் கேள்வி வரலாம். குழுவாகப் போகிறவர்கள் கருவிப் பட்டியலை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கொடுத்து, அனுமதி பற்றி எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பேட்டரிகளும் சூரிய வடிகட்டிகளும் கைப்பையில் இருக்கட்டும். முக்காலி சரக்குப் பெட்டியில் போகலாம்.

கண்ணுக்கு

கிரகணக் கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்ற குறி இருக்க வேண்டும். போலிகளிலும் அந்தக் குறியை அச்சடிப்பார்கள் என்பதால், போட்டுப் பார்த்துச் சோதியுங்கள். வீட்டுக்குள் போட்டால் எதுவுமே தெரியக் கூடாது. மொபைல் டார்ச்சை அருகில் பிடித்தால் மிக மங்கலாகத் தெரியலாம், அல்லது தெரியாமலே போகலாம். டியூப்லைட்டோ ஜன்னலோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை, கீறல், மடிப்பு உண்டா என்று பயணத்துக்கு முன் ஒரு முறையும் அன்று காலை ஒரு முறையும் பாருங்கள். ஆளுக்கு இரண்டு எடுத்துப் போங்கள்; ஒன்று தொலையும், அல்லது பக்கத்தில் இருக்கும் ஊர்ப் பிள்ளை கேட்கும்.

எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, சிடி, கூலிங் கிளாஸ், சாணித் தண்ணீரில் தெரியும் பிம்பம் இவை எதுவும் வேண்டாம். வெளிச்சம் குறைந்ததுபோல் தோன்றினாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் அவற்றைத் தாண்டி வந்துவிடும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லாததால் சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் கறை தெரியும். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண் மட்டுமே.

அடிக்கடி நடக்கும் இன்னொரு ஆபத்து: கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பது. பைனாகுலர் குவித்த வெயில் அந்தப் பிலிமை நொடியில் உருக்கிவிடும். வடிகட்டி எப்போதும் பைனாகுலரின், கேமராவின் முன்பக்கத்தில், சூரியனைப் பார்த்த பக்கத்தில் இருக்க வேண்டும்.

முழுமை தொடங்கியதும் இந்த விதி தலைகீழாக மாறுகிறது. கண்ணாடி வழியே பார்க்கும்போது கடைசி ஒளிக்கீற்றும் மறைந்து முழு இருட்டானால், கண்ணாடியைக் கழற்றுங்கள். அந்த ஆறு நிமிடமும் வெறுங்கண்ணால் பார்ப்பது முழுப் பாதுகாப்பு. பைனாகுலரிலும் வடிகட்டியை எடுத்துவிடலாம். பயத்தில் கண்ணாடியைக் கழற்றாமலே நின்று, கறுப்பைத் தவிர எதையும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு கிரகணத்திலும் உண்டு. குழந்தைகளை, பெரியவர்களை அழைத்துப்போகிறவர்கள் "இப்போது கழற்று", "இப்போது போடு" என்று உரக்கச் சொல்ல ஒருவரை முன்கூட்டியே நியமித்துக்கொள்ளுங்கள்.

வெயில்தான் முதல் எதிரி

ஆகஸ்டில் லக்சரின் பகல் உச்ச வெப்பம் சராசரியாக 41 டிகிரி. வேலூர் கத்திரி வெயிலுக்குப் பழகியவர்கள்கூட, பகுதி கிரகணம் தொடங்கி முடியும் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தையும் திறந்த வெளியில் கழிக்கக் கூடாது. முழுமைக்கு 25 நிமிடம் முன்பு வெளியே வந்தால் போதும். அதுவரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலிலிருந்து எட்டிப் பார்த்தால் எதுவும் விட்டுப்போகாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், முழுக்கை வெள்ளைப் பருத்திச் சட்டை, அகலத் தொப்பி, குடை. கொதிக்கும் மணலில் செருப்பு உதவாது, ஷூ போடுங்கள். படுத்துப் பார்க்கத் தடித்த பாய் ஒன்று கட்டாயம். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

கிரகணம் முடியும்வரை சாப்பிடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை என்ற வழக்கத்தைப் பல வீடுகளில் கடைப்பிடிக்கிறோம். அந்த வெப்பத்தில் மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, அதுவும் வயதானவர்களுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்களுக்கும், மருத்துவமனையில் கொண்டுபோய் நிறுத்தும். கிரகணத்தால் உணவோ நீரோ கெடுவதில்லை. குடித்துக்கொண்டே இருங்கள். குளிப்பதும் பூஜையும் பிறகு அறைக்குப் போய்ச் செய்யலாம்.

சூரியன் தலைக்கு மேலே

லக்சரில் முழுமை நேரத்தில் சூரியனின் உயரம் 82 டிகிரி. இதனால் சில வசதிகளும் பல தொல்லைகளும் உண்டு.

வசதி: மலை, மரம், கட்டடம் எதுவும் மறைக்காது. ஹோட்டல் முற்றம், மொட்டைமாடி, நைல் கரை, மேற்குக் கரையின் வயல்வெளி எங்கு நின்றாலும் ஒன்றுதான். அதனால் கர்னாக் கோயிலுக்குள் கூட்டத்தோடு முண்டியடிக்கத் தேவையில்லை. கோயில் தூண்களுக்கு மேலே கிரகணம் தெரியும் படம் எடுக்கலாம் என்ற ஆசையும் எளிதில் கைகூடாது. தூணின் அடியில் தரையோடு படுத்து, மிக அகலமான லென்ஸில் மேல்நோக்கி எடுத்தால்தான் இரண்டும் ஒரே சட்டத்தில் வரும். எங்கள் தேர்வு, நிழல் ஓடிவருவதைப் பார்க்கும் வகையில் வடமேற்கு அடிவானம் திறந்திருக்கும் மொட்டைமாடி. நிழல் அந்தத் திசையிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் வேகத்தில் வரும்.

தொல்லை: கழுத்து. ஆறு நிமிடம் நின்றபடி அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும். படுத்துக்கொள்ளுங்கள், அல்லது முழுவதும் சாயும் நாற்காலி ஏற்பாடு செய்யுங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம். சாதாரண முக்காலித் தலை பல, இவ்வளவு செங்குத்தாகத் திரும்பாது. திரும்பினாலும் லென்ஸ் முக்காலியின் காலில் இடிக்கும். கேமராவின் திரை தனியாகத் திருப்ப முடியாதது என்றால் அது தரையைப் பார்க்கும், நீங்கள் அடியில் படுத்துத்தான் பார்க்க முடியும். பயணத்துக்கு முன், வீட்டு மொட்டைமாடியிலேயே கேமராவை 82 டிகிரிக்குத் தூக்கி வைத்து முழு ஒத்திகை பாருங்கள். மே, ஆகஸ்ட் மாதங்களில் தமிழ்நாட்டிலும் நண்பகல் சூரியன் இதே உயரத்துக்கு, இதற்கு மேலும் வருவதால் இந்த ஒத்திகைக்கு நம் ஊரே சரியான களம்.

துருவ நட்சத்திரத்தை நோக்கி அமைக்கும் தொடர்மவுண்ட் (வானம் நகரும் வேகத்துக்குக் கேமராவைத் தானாகத் திருப்பும் தாங்கி) கொண்டுபோகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. லக்சரில் அன்று சூரியன் வானத்தின் வடக்கு தெற்கு நடுக்கோட்டைக் கடப்பது சுமார் 12.56க்கு. முழுமை தொடங்குவது சுமார் 1.02க்கு. மவுண்ட் கேமராவைத் தானாக மறுபுறம் புரட்டிப்போடும் நேரம் முழுமைக்கு ஆறே நிமிடம் முன்பு வருகிறது. தானியங்கிப் புரட்டலை நிறுத்திவையுங்கள். நடுக்கோட்டைத் தாண்டியும் இடிக்காமல் ஓடுகிறதா என்று ஊரில் சோதியுங்கள். பகலில் துருவ நட்சத்திரம் தெரியாது என்பதால் முந்தின இரவே மவுண்டை அமைத்துக் கால்களின் இடத்தைக் குறித்துவையுங்கள்.

மவுண்ட் இல்லாமலும் நன்றாக எடுக்கலாம், பெரும்பாலானவர்களுக்கு அதுவே மேல். சூரியன் தன் அகலம் அளவுக்கு நகர இரண்டு நிமிடம் ஆகும். ஆறு நிமிடத்தில் ஒன்றரை டிகிரி. முழுச்சட்டக் கேமராவில் 500 மிமீ லென்ஸ் என்றால் சட்டத்தின் நீளப் பக்கம் நான்கு டிகிரி பிடிக்கும். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருக்கும்படி வைத்து, முழுமை தொடங்கும்போது சூரியனை நடுவிலிருந்து முக்கால் டிகிரி கிழக்கே நிறுத்துங்கள். பிறகு தொடவே வேண்டாம். அது நடுவழியே கடந்து மறுபுறம் போவதற்குள் முழுமை முடிந்திருக்கும். சிறு சென்சார் கேமராவுக்கு 300 மிமீ இதே கணக்கு. பிம்பத்தின் அளவு தெரிய, குவியத்தூரத்தை 109ஆல் வகுங்கள்: 500 மிமீக்கு 4.6 மிமீ.

முழுமையின்போது வடிகட்டி இல்லாமல், ஐஎஸ்ஓ 400, எஃப்/8 வைத்தால், சூரியனின் விளிம்பில் எழும் செந்நிறத் தீக்கொழுந்துகளுக்கு 1/3200 வினாடி, உட்புறக் கொரோனாவுக்கு 1/800 முதல் 1/200, நடுப்பகுதிக்கு 1/50, வெளிப்புற இழைகளுக்கு 1/12 முதல் 1/6. ஒரே படத்தில் எல்லாம் விழாது, ஒளி வேறுபாடு அவ்வளவு. அதனால் கேமராவைத் தானாகப் பல வேகங்களில் அடுக்கடுக்காக எடுக்கும்படி அமைத்து, ரிமோட் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். 1/6க்கு மேல் போனால் சூரியன் நகர்வதால் படம் கலங்கும்.

குவியம் கைமுறையில் இருக்க வேண்டும். சூரியனின் விளிம்பையோ கரும்புள்ளியையோ வைத்துக் குவியுங்கள். வெப்பத்தில் லென்ஸ் விரியும், கிரகணம் நெருங்கும்போது காற்று குளிரும். இரண்டாலும் குவியம் நகரும். முழுமைக்கு 15 நிமிடம் முன்பு மறுபடி சரிபாருங்கள். வடிகட்டியைச் செலோடேப்பில் ஒட்டியிருந்தால் 41 டிகிரியில் பசை இளகி, காற்றில் பறந்துவிடும். இறுகப் பிடிக்கும் மூடிபோன்ற வடிகட்டி வாங்குங்கள். கேமராவையும் மொபைலையும் வெள்ளைத் துணியால் மூடி வையுங்கள், சூடேறினால் தானாக அணையும்.

முதல் முறை பார்க்கிறவர்களுக்கு எங்கள் உறுதியான கருத்து: பெரிய கேமரா வேண்டாம். மொபைலைச் சிறு முக்காலியில் மாட்டி, உங்களையும் அடிவானத்தையும் பார்த்தபடி ஐந்து நிமிடம் முன்பு வீடியோவை ஓடவிட்டு, மறந்துவிடுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்; சுற்றியிருப்பவர்களின் இருளைக் கெடுக்கும். செலவு செய்ய நினைத்தால் நல்ல 8×42 அல்லது 10×42 பைனாகுலர் வாங்குங்கள். கொரோனாவின் இழைகள் கண்ணுக்குத் தெரிவதுபோல் எந்தப் படத்திலும் தெரிவதில்லை.

அன்றைய நேரம்

எகிப்து கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் முறையை 2023இல் மீண்டும் கொண்டுவந்தது. பழைய அட்டவணைகளில் முழுமை நண்பகல் 12 மணி அளவில் என்று இருக்கலாம். குழப்பம் தவிர்க்க, உலகப் பொது நேரம் 10.02 என்று மனதில் வைத்து, அதோடு மூன்று மணி கூட்டுங்கள். இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் நிற்கும் இடத்துக்கான வினாடிக் கணக்கைக் கிரகணச் செயலி எதிலாவது இருப்பிடம் கொடுத்து எடுத்து, தாளில் எழுதி வையுங்கள். கூட்டத்தில் இணையம் படுத்துவிடும்.

பகுதி கிரகணம் 11.30க்கு மேல் தொடங்கும். 12.30 வாக்கில் மரத்தடியில் இலை இடுக்குகள் வழியே விழும் ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறைகளாகியிருக்கும். இட்லித் தட்டின் துளைகளைத் தரைக்கு மேல் பிடித்தாலும் அதே. 12.45க்குப் பிறகு வெளிச்சத்தின் நிறம் மாறும், நிழல்களின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் கூர்மையாகும், வெயில் உறைக்காது. கடைசி இரண்டு நிமிடத்தில் தரையில் விரித்த வெள்ளைத் துணியைப் பாருங்கள்: நீரடியில் ஆடும் ஒளிபோல மெல்லிய நிழல்வரிகள் ஓடலாம். எல்லாக் கிரகணத்திலும் தெரியாது, ஆனால் வெள்ளைத் துணி இல்லாமல் தெரிந்தாலும் கவனிக்க மாட்டீர்கள்.

பிறகு வடமேற்கு வானம் கறுத்து வருவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியோடு மேலே பாருங்கள். பிறை நூலாகி, நிலவின் பள்ளத்தாக்குகள் வழியே வரும் ஒளி மணிமணியாக உடையும். அவைதாம் பெய்லி மணிகள். கடைசி மணி வைர மோதிரமாக ஒளிர்ந்து அணையும். இப்போது கண்ணாடியைக் கழற்றலாம்.

ஆறு நிமிடத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் நிமிடம் எந்தக் கருவியும் இல்லாமல் பாருங்கள். கிழக்கு ஓரத்தில் செந்நிறக் கொழுந்துகள் முதலில் தெரியும், நிலவு நகர நகர அவை மறைந்து மேற்கு ஓரத்தில் புதியவை எழும். அடுத்த இரண்டு நிமிடம் பைனாகுலர். நடுவில் அரை நிமிடம் சூரியனை விட்டுச் சுற்றிலும் பாருங்கள்: நிழலின் விளிம்பு எல்லாத் திசையிலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், அடிவானம் முழுக்க அந்தி நிறம் படர்ந்திருக்கும். வெள்ளிக் கோள் சூரியனுக்கு மிக அருகில் தெரியும். முடிவுக்கு 30 வினாடி முன்பு ஒலிக்கும்படி அலாரம் வையுங்கள். அது ஒலித்ததும் பைனாகுலரைக் கண்டிப்பாகக் கீழே வையுங்கள். மேற்கு ஓரம் வெளுத்து இரண்டாவது வைர மோதிரம் பிறக்கும். அதைப் பார்த்த கணமே கண்ணாடி மீண்டும் கண்ணுக்கு, வடிகட்டி மீண்டும் லென்ஸுக்கு.

அதன்பின் பகுதி கிரகணம் 2.30 வாக்கில் முடியும்வரை ஊர் முழுக்கச் சாலைகள் நிரம்பியிருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதுதான் காரணம். கேமரா அட்டையைப் பிரதியெடுத்து, நிழலில் சாப்பிட்டு, மாலைவரை நகராமல் இருங்கள். ஆகஸ்ட் 3ஆம் தேதி விமானங்களும் நிரம்பி வழியும். 4ஆம் தேதி டிக்கெட் எடுத்தவர்களுக்கு அரசர்களின் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு காலைப்பொழுது மிச்சம்; ஆறு மணிக்குத் திறந்ததும் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள்.

லக்சருக்குப் போக முடியாதவர்கள் 2028 ஜூலை 22ஐக் குறித்துக்கொள்ளலாம்: நிழல் ஆஸ்திரேலியாவைக் கடந்து சிட்னி நகரத்தின் மேலேயே போகும், மூன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல். இந்தியாவுக்குள் அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20, காஷ்மீர், லடாக் பக்கம். 2031 மே 21 அன்று மதுரை, தேனி வழியாக வருவது வளைய கிரகணம் மட்டுமே. அன்று ஒரு கணம்கூடக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.